பாதியில் நிற்கும் குரோஷே வேலை: எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே வேலை செய்கிறவர்கள் வீட்டில் பீரோவின் மேல்தட்டையோ கட்டிலுக்கு அடியையோ பார்த்தால், துணிக்கடைப் பைக்குள் ஒரு பாதிப் போர்வையோ கை வைக்காத ஸ்வெட்டரோ கட்டாயம் இருக்கும். ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால் "எனக்குப் பொறுமை போதாது" என்பார்கள். அதே ஆள் போன வாரம்தான் புதிதாக ஒரு தொப்பி ஆரம்பித்து, ஒரே மூச்சில் முடித்திருப்பார். அதனால் இந்தப் பொறுமைப் பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நின்றுபோன வேலை எதுவானாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் நின்றிருக்கும். ஓரம் கோணிய இடம், நூல் தீர்ந்த இடம், துண்டுகளை இணைக்க வேண்டிய இடம் என்று ஏதோ ஒன்று. அங்கே அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் போயிருக்கும், அல்லது தெரிந்தும் அந்த வேலை பிடிக்காமல் போயிருக்கும். அந்த இடம் எது என்று தெரிந்தால் வழியும் பெரும்பாலும் உண்டு.

முதலில் பையிலிருந்து எடுத்து, பகல் வெளிச்சத்தில் தரையில் விரித்துப் போடுங்கள். எந்த அளவு ஊசி, பேட்டர்னில் (பின்னும் முறையை வரிவரியாக எழுதிய குறிப்பில்) எந்த வரி, மீதி நூல் எத்தனை கிராம், இதுவரை அகலமும் நீளமும் எவ்வளவு என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதி வேலையோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. கீழே பல இடத்தில் அது தேவைப்படும். அப்புறம் உங்கள் வேலையின் அறிகுறி எது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால், முதலில் நின்றது எதனால் என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

குட்டையான ஸ்டிச் சிங்கிள், உயரமானது டபுள். இங்கே சொல்லும் பெயர்களெல்லாம் அமெரிக்கக் கணக்கு. யூடியூபில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான்.

எந்த வரிசையில் விட்டோம், எந்த ஊசியில் போட்டோம் என்றே தெரியவில்லை

வரிசையை எண்ணுவது எளிது. திருப்பித் திருப்பிப் போட்ட சிங்கிள் குரோஷேயில் ஒரு மேடு, ஒரு பள்ளம் சேர்ந்தால் இரண்டு வரிசை. டபுள் குரோஷேயில் ஒவ்வொரு வரிசையும் தனித் தூண்களாக நிற்கும். ஓரத்தில் விரல் வைத்தே எண்ணிவிடலாம். பத்து வரிசைக்கு ஒரு மார்க்கர் மாட்டிக்கொண்டு எண்ணினால் நடுவில் யாராவது கூப்பிட்டாலும் கணக்கு தப்பாது. மார்க்கர் இல்லையென்றால் ஊக்கு போதும்.

ஊசி அளவு மறந்துபோயிருந்தால் ஊகிக்க வேண்டாம். முடித்த பகுதியின் நடுவில் அளவுகோலை வைத்து 10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிச் வருகிறது என்று எண்ணுங்கள். அதே நூலில் 3.5, 4, 4.5 மி.மீ. ஊசிகளில் சின்னச் சின்னத் துண்டு போட்டு, எது அந்த எண்ணிக்கைக்கு வருகிறதோ அதை எடுங்கள். முன்பு போட்ட அதே ஊசியே கையில் இருந்தாலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது. நாள் கழித்து எடுத்தால் கையின் இறுக்கம் மாறியிருக்கும். அப்படியே தொடர்ந்தால், நிறுத்திய இடத்தில் ஒரு கோடு போல அகலம் மாறுவது பிறகு எத்தனை துவைத்தாலும் தெரியும். அரை மி.மீ. ஊசியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். கடைசி இரண்டு வரிசையைப் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள். பைக்குள் இழுபட்டுத் தளர்ந்தது அந்த இரண்டு வரிசைதான்.

பேட்டர்ன் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ எழுதியது என்றால் இன்னொரு சிக்கல். அங்கே டபுள் என்றால் நம் சிங்கிள். டிரெபிள் என்றால் நம் டபுள். இன்றைய பிரிட்டிஷ் பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே வராது. அந்தச் சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்கப் பேட்டர்ன் என்று வைத்துக்கொள்ளலாம். "படத்தில் இருப்பதுபோல் வரவே இல்லை" என்று நிறுத்தப்பட்ட சால்வைகள் பலவற்றுக்கு இந்த ஒன்றே காரணமாக இருக்கும்.

ஓரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது

சதுரமாக வர வேண்டியது மேலே போகப் போகக் குறுகியிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஸ்டிச் காணாமல் போவதுதான் காரணம். அது போகும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

டபுள் குரோஷே வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கடைசித் தூணில் போட்டாகிவிட்டது, வேலை முடிந்த மாதிரி தெரிகிறது. ஆனால் அதற்கு இடப்பக்கம், முந்தைய வரிசையின் தொடக்கத்தில் திரும்புவதற்காகப் போட்ட மூன்று சங்கிலி ஒல்லியாக, கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்கும். அதுவும் ஒரு ஸ்டிச் என்றே கணக்கு. அதன் மூன்றாவது சங்கிலியின் தலையில் ஊசியை விட்டு ஒரு டபுள் போட வேண்டும். சங்கிலி இறுக்கமாக இருந்தால் ஊசி நுழையாது, கண்ணுக்கும் தெரியாது, அதனால்தான் விட்டுப்போகிறது. இதற்கு நேர்மாறாக ஓரம் வெளியே விரிந்துகொண்டே போனால், மூன்று சங்கிலி போட்டுவிட்டு அதன் அடியிலேயே இன்னொரு டபுளும் போடுகிறீர்கள் என்று பொருள். அந்த முதல் இடத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் போட வேண்டும். சிங்கிள் குரோஷேயில் கணக்கு வேறு. அங்கே திரும்பும் ஒரு சங்கிலி எண்ணிக்கையில் வராது. முதல் ஸ்டிச்சிலேயே போட வேண்டும்.

வரிசையின் முதல் ஸ்டிச்சிலும் கடைசி ஸ்டிச்சிலும் மார்க்கர் மாட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் மேலே மாற்றிக்கொண்டே போனால் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

இதுவரை கோணியதை என்ன செய்வது? 150 ஸ்டிச் அகலமுள்ள போர்வையில் இரண்டு மூன்று குறைந்திருந்தால் பிரிக்க வேண்டாம். அடுத்த சில வரிசையில் ஓரத்தையொட்டி ஒவ்வொன்றாகக் கூட்டிவிடுங்கள். பார்டர் போட்டதும் யாருக்கும் தெரியாது. எட்டு, பத்து என்று போயிருந்தால் பிரிப்பதுதான் வழி. ஆனால் முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாக எண்ணி, எண்ணிக்கை சரியாக இருக்கும் கடைசி வரிசையில் ஒரு மார்க்கரை மாட்டிவிட்டு, அதுவரை மட்டும் இழுங்கள்.

அடிப்பக்கம் மட்டும் சுருங்கி மேலே அகலமாக இருந்தால் அது வேறு. ஆரம்பச் சங்கிலி இறுகிப்போய்விட்டது. பார்டர் போட்டாலும் இது முழுதாக மறையாது. பருத்தி நூலானால் நனைத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓரளவு கொடுக்கும். அக்ரிலிக் அந்த அளவுக்குக் கொடுக்காது. கால்வாசிக்குள் இருந்தால் பிரித்து, சங்கிலியை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போட்டுத் தொடங்குங்கள்.

வட்டம் தரையில் படியவில்லை

கிண்ணம் மாதிரி குழிந்தால் ஸ்டிச் போதவில்லை, ஓரம் அலையலையாக நெளிந்தால் அதிகம். தட்டையான வட்டத்துக்கு வழக்கமான கணக்கு இதுதான்: சிங்கிள் குரோஷேயில் 6-இல் ஆரம்பித்துச் சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும், இரண்டுக்கும் நடு உயரமான ஹாஃப் டபுளில் 8, டபுளில் 12. வட்டத்தைத் தரையில் வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். எந்தச் சுற்றில் முதன்முதலாகக் கை தூக்கிக்கொள்கிறதோ அதுவரை பிரித்தால் போதும். கடைசிச் சுற்றில் அலை தெரிவதால் தப்பு கடைசியில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது மூன்று நான்கு சுற்று உள்ளேயே தொடங்கியிருக்கும்.

ஆனால் மெல்லிய பருத்தி நூலில் 1.25 அல்லது 1.5 மி.மீ. ஊசியால் போடும் லேஸ் விரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பின்னி முடித்த நிலையில் கசங்கித்தான் இருக்கும். அதைத் தப்பு என்று நினைத்து நிறுத்திய விரிப்புகள் நிறைய. நனைத்துப் பிழிந்து, தெர்மாகோல் பலகையில் வட்டம் வரைந்து, அதன்மேல் விரித்து, ஒவ்வொரு முனையையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். பழைய வழக்கப்படி வடித்த கஞ்சியில் முக்கி எடுத்தால் இன்னும் விறைப்பாக நிற்கும். கஞ்சியை வடிகட்டிக்கொள்ளுங்கள், பருக்கை ஒட்டினால் துளை அடைத்துவிடும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கிக்கொள்ளுங்கள். காய்ந்தபின் பார்த்தால் அதே விரிப்பா என்று இருக்கும். இதைச் செய்யாமல் லேஸ் வேலையை நல்லது கெட்டது என்று சொல்லவே கூடாது.

எவ்வளவு போட்டாலும் போர்வை வளரவில்லை

நடுவிலிருந்து வெளியே வளரும் பெரிய கிரானி ஸ்கொயர் போர்வைக்காரர்கள் எல்லோரும் சொல்வது இது. அவர்கள் சொல்வதில் கணக்குப்படியே நியாயம் இருக்கிறது.

கிரானி ஸ்கொயரில் முதல் சுற்றுக்கு 12 டபுள். இரண்டாவதுக்கு 24. மூன்றாவதுக்கு 36. சுற்றுக்கு 12 கூடிக்கொண்டே போகும். 40 சுற்றுப் போர்வை என்றால் மொத்தம் 9,840 டபுள் குரோஷே. 20 சுற்று முடித்ததும் பக்க அளவு பாதி வந்துவிடும். "பாதி முடிஞ்சுது" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அதுவரை போட்டது 2,520 மட்டுமே, அதாவது கால் பங்கு. உண்மையான பாதி 28 சுற்று முடிந்து 29-ஆவது தொடங்கும்போதுதான் வருகிறது. கடைசி 10 சுற்றுக்கு மட்டும் 4,260. அதனால் 20-க்கும் 28-க்கும் நடுவில் கை சலித்து வேலை நிற்பது இயல்பு. அந்த இடத்தில் தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் பயனில்லை.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, எண்ணிக்கையைச் சுற்றில் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். 30-ஆவது சுற்றின் ஒரு பக்கம் 90 டபுள். இன்றைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் மூலையில் கை நிற்கும், மனதும் நிற்கும். சுற்றின் நடுவில் எங்கோ விட்ட வேலையை மறுநாள் எடுக்கத் தோன்றாது. மூலையில் விட்டது உடனே கைக்கு வரும். இரண்டு, எங்கே நிறுத்துவது என்பதை மறுபடி முடிவு செய்யுங்கள். இப்போது 25-இல் இருக்கிறீர்கள் என்றால் 40 வரை போக இன்னும் 5,940 போட வேண்டும். 32-இல் நிறுத்தினால் 2,436 போதும், பாதிக்கும் குறைவு. சுற்றுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் சுமார் 1.2 செ.மீ. வீதம் வளர்ந்தால் 32 சுற்றில் பக்கம் 77 செ.மீ. வரும். தொட்டில் குழந்தைக்கு அது தாராளம். பெரிய கட்டில் போர்வை என்று ஆரம்பித்ததைக் குழந்தைப் போர்வையாக முடிப்பது தோல்வி இல்லை. முடிந்த சின்னப் போர்வையை யாராவது போர்த்திக்கொள்வார்கள். முடியாத பெரியது பைக்குள்தான் இருக்கும்.

இங்கே பருவமும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் இரண்டு கிலோ அக்ரிலிக்கை மடியில் போட்டுக்கொண்டு யாராலும் உட்கார முடியாது. பெரிய போர்வை போடுவதென்றால் நம் ஊருக்குத் தனித்தனிச் சதுரங்களாகப் போட்டு இணைப்பதே பொருத்தம். கையில் இருப்பது எப்போதும் ஒரு சதுரம்தான்; பேருந்திலும் போடலாம், ஆஸ்பத்திரி வரிசையிலும் போடலாம். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்ததும் இந்த வழியில்தான். பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் துண்டுதுண்டாகப் பின்னியதை ஓரிடத்தில் சேர்த்து இணைத்தார்கள்.

சதுரமெல்லாம் முடிந்துவிட்டது, இணைக்கத்தான் இல்லை

என்னைக் கேட்டால் முடியாத வேலைகளில் அதிகம் கிடப்பது இந்த இடத்தில்தான். பின்னல் இனிமையாக இருக்கும், அதற்குப் பிறகு வரும் ஊசி நூல் வேலை அப்படி இருக்காது. அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 வரிசை நீளம், 8 வரிசை உயரம் என 48 சதுரம். ஒவ்வொன்றிலும் மூன்று நிறம். நிறத்துக்கு இரண்டு நுனி வீதம் சதுரத்துக்கு 6, மொத்தம் 288 நுனி. அதையெல்லாம் ஒரே நாளில் செருகி முடிக்க நினைத்தால் பையை மூடி மறுபடி மேல்தட்டில்தான் வைப்போம்.

அன்றன்றைக்கு நான்கு சதுரம் மட்டும் எடுங்கள், 24 நுனி. முனை மழுங்கிய கம்பளி ஊசியில் நுனியைக் கோத்து, அதே நிற ஸ்டிச்சுகளின் அடியில் ஒரு பக்கம் 3 செ.மீ., ஒரு இழையை விட்டுத் திரும்பி அதே வழியில் எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மூன்று தடவை செருகுங்கள். அக்ரிலிக் வழுக்கும்; ஒரு தடவை மட்டும் செருகி வெட்டினால் இரண்டு துவையலில் வெளியே வந்துவிடும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவதும் அப்படித்தான். 15 செ.மீ. விட்டிருந்தால்தான் இப்படிச் செருக வரும். குட்டையாக வெட்டியிருந்தால், வெறும் ஊசியை முதலில் ஸ்டிச்சுகளுக்கு அடியில் செலுத்திக் காதை மட்டும் நுனிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிறகு நூலைக் கோத்து இழுங்கள்.

அப்புறம் அளவு. எல்லாச் சதுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாருங்கள். அரை செ.மீ. வித்தியாசம் இணைக்கும்போது சரியாகிவிடும். அதற்கு மேல் என்றால், சின்னதாக இருப்பதற்கு ஒரு சுற்று சிங்கிள் குரோஷே கூட்டுங்கள். பருத்தி என்றால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குண்டூசி குத்தி நீராவி காட்டலாம். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். அதிகச் சூட்டில் நூல் உருகித் தளர்ந்து பளபளத்துவிடும், பழையபடி திரும்பாது.

இணைப்பதில் எது நல்லது என்று பலரும் குழம்புகிறார்கள். தட்டையாக, தையல் தெரியாமல் வர வேண்டும் என்றால் இரண்டு சதுரத்தையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து கம்பளி ஊசியால் மாற்றி மாற்றித் தைப்பது அழகு. ஆனால் மெதுவாகத்தான் போகும். கொக்கி ஊசியில் ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரமே இல்லாத ஸ்டிச்) இணைப்பது வேகம், ஆனால் போர்வை கொஞ்சம் விறைக்கும். தையல் ஊசியைப் பார்த்தாலே சலிப்பு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சிங்கிள் குரோஷே இணைப்பு. இரண்டு சதுரத்தின் பின்பக்கத்தையும் ஒட்டவைத்து, இரண்டின் ஓரத்தையும் சேர்த்துக் கொக்கி ஊசியை விட்டுப் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். மேலே ஒரு வரம்பு எழும்பும். மாறுபட்ட நிறத்தில் போட்டால் அதுவே அலங்காரம். தையலாகத் தெரியாது, பின்னுவதாகவே இருக்கும். அதனால் முடிந்தும்விடும்.

எப்படி இணைத்தாலும், இரண்டிரண்டு சதுரமாகத் தனித்தனியே இணைத்து நூலை வெட்டாதீர்கள். 48 சதுரத்தில் 82 இணைப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் வெட்டினால் மறுபடி 164 நுனி. தரையில் அடுக்கி, போனில் படம் எடுத்து, வரிசை எண்ணைச் சின்னச் சீட்டில் குத்திவிட்டு, குறுக்கே போகும் 7 கோட்டையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டாமல் போடுங்கள். பிறகு நெடுக்காக 5 கோடு. மொத்தம் 24 நுனிதான். நான்கு மூலை சேரும் இடத்தில் ஒரு சங்கிலி போட்டுத் தாண்டினால் ஓட்டை விழாது.

அடுத்த போர்வைக்கு, கடைசிச் சுற்றைப் போடும்போதே பக்கத்துச் சதுரத்தோடு கோத்துக்கொண்டு போகும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். அதில் இணைக்கும் நாள் என்று தனியாக ஒன்று வருவதே இல்லை.

நூல் தீர்ந்துவிட்டது, அதே நிறம் கிடைக்கவில்லை

லேபிளில் நிற எண்ணோடு லாட் எண் என்று இன்னொன்றும் இருக்கும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும், வேறு லாட் என்றால் வேறு நாள் சாயத்தில் முக்கியது. கண்டாகப் பார்க்கும்போது ஒன்றாகத் தெரியும். பின்னி விரித்தால் அந்த வரிசையில் ஒரு பட்டை ஓடும்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். மீதி நூலை நிறுத்து, ஒரு வரிசை போட்டு, மறுபடி நிறுத்துங்கள். ஒரு சுற்றுப் பார்டருக்கு 18 கிராம் போகிறது, கையில் 50 இருக்கிறது என்றால் இரண்டு சுற்றுதான். மீதியை முடிப்பதற்கும் இணைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். "வரும் என்று நினைத்தேன்" என்று மூலையில் வந்து நிற்பதைவிட ஒரு சுற்றைக் குறைப்பது மேல்.

கடைக்குப் போனால் போன் படத்தைக் காட்டாதீர்கள். பின்னிய துண்டை எடுத்துப்போய், கண்டைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒட்டவைத்துப் பாருங்கள். லூதியானாவிலிருந்து வரும் வர்தமான், கங்கா மாதிரி அக்ரிலிக் நூல்களில் பழைய லாட் சில கடைகளின் பின்அறையில் கிடைப்பதுண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்றால், பழைய லாட்டில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று எட்டு, பத்து வரிசைக்கு மாற்றி மாற்றிப் போடுங்கள். பட்டை தெரியாமல் கலந்துவிடும். இதற்குப் பழைய நூல் கொஞ்சமாவது மீதி வேண்டும். இல்லையென்றால் மேலே சில வரிசையைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நிறம் நன்றாகவே மாறுகிறது என்றால் ஒளிக்க முயலாமல், முழுவதும் வேறு நிறத்தில் பார்டர் போட்டுவிடுங்கள். ஒரு முனையில் மட்டும் போட்டால் நூல் தீர்ந்தது தெரியும். சுற்றிலும் போட்டால் அப்படியே திட்டமிட்டது போல இருக்கும்.

ஒரு சாக்ஸ், ஒரு கை முடிந்தது, இன்னொன்று வரவில்லை

முதலாவதைப் போடும்போது குறிப்பு எழுதாததுதான் இதில் பெரிய தடை. எத்தனை சுற்றுக்கு ஒருமுறை குறைத்தோம் என்று தெரியாமல் இரண்டாவதைத் தொடங்கக் கை வராது. முடிந்ததை வைத்து, குறைத்த இடங்களுக்கெல்லாம் மார்க்கர் மாட்டி, எண்ணி எழுதுங்கள். அரை மணி வேலைதான். இனிமேல் போடும்போது இரண்டு கண்டு, இரண்டு ஊசி வைத்து இரண்டையும் கூடவே வளர்த்துக்கொண்டு போங்கள். இங்கே விளிம்பு, அங்கே விளிம்பு, இங்கே குதிகால், அங்கே குதிகால்.

பொம்மையின் கை, கால், தலை எல்லாம் தனித்தனியாகக் கிடக்கிறது

கோணலாகத் தைத்துவிடுவோமோ என்ற பயம் இது. தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தலை முதலில், பிறகு கால், பொம்மை உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் கை. காது கடைசிக்கும் கடைசி. பிளாஸ்டிக் கண் பொருத்துவதென்றால் தலையை மூடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் வேண்டாம், கருப்பு நூலில் தைத்துவிடுங்கள். பஞ்சு வெளியே தெரிகிறது என்று நிறுத்தியிருந்தால் ஊசி பெரிது, 4 மி.மீ.க்குப் பதில் 3 அல்லது 2.5-இல் மறுபடி போட வேண்டியதுதான், இதற்குக் குறுக்கு வழி இல்லை.

கை வலிக்கிறது, கண் தெரியவில்லை, தொடவே தோன்றவில்லை

கருப்பு, கரும்நீல நூலை ராத்திரி போடாதீர்கள். பகலில் ஜன்னலோரம், மடியில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு போட்டால் துளைகள் வெளிச்சமாகத் தெரியும். பாதி வேலைகளுக்கு இது ஒன்றே போதும். கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டினால் காலையில் போடுங்கள், அல்லது வெயில் காலத்துக்குப் பருத்தி வேலையை எடுங்கள். கட்டைவிரல் வலித்தால் பிடி தடித்த ஊசிக்கு மாறி, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டி மடக்குங்கள். விரல் மரத்துப்போவது நாள்கணக்கில் நீடித்தால் வேலையை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

யாருக்காக ஆரம்பித்தோமோ அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது

வளைகாப்புக்குக் கொடுப்பதாக ஆரம்பித்த ஸ்வெட்டர். இப்போது அந்தக் குழந்தை ஓடி விளையாடுகிறது. இதில் குற்ற உணர்வு சேர்ந்துகொள்வதால் பையைத் திறக்கவே மாட்டோம். ஒரு கைதான் பாக்கி என்றால் முடித்துவிடுங்கள். குடும்பத்தில் அடுத்த குழந்தை வரத்தான் செய்யும். உடம்பு மட்டும்தான் முடிந்திருக்கிறது என்றால் கை வைக்காமல் அக்குளைச் சுற்றி ஒரு பார்டர் போட்டுக் கையில்லாத மேல்சட்டையாக்கிவிடுங்கள். நம் ஊர்க் குளிருக்கு அது போதும். குழந்தைக்கு அளவு எடுத்துப் பெரிதாக்க முயல வேண்டாம். பெரிதாக்கிய தோள் ஒருபோதும் சரியாக உட்காருவதில்லை.

எடுத்துப் பார்த்தேன், இப்போது பிடிக்கவே இல்லை

அப்படியானால் பிரித்துவிடுங்கள். இதுவும் வேலையை முடிக்கும் ஒரு வழிதான். நல்ல நூலைப் பிடிக்காத பின்னலுக்குள் வருஷக்கணக்கில் அடைத்து வைப்பதில் அர்த்தம் இல்லை. கடைசியாக முடிச்சிட்ட நுனியைத் தேடி, அந்த முடிச்சை மட்டும் வெட்டி, மெதுவாக இழுங்கள். மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காமல் ஊசி முனையால் தளர்த்துங்கள். வரும் நூலை உடனே நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வந்து, நான்கு இடத்தில் வேறு நூலால் தளரக் கட்டிச் சிட்டமாக எடுங்கள்.

பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். அப்படியே பின்னினால் ஸ்டிச் ஒன்றுபோல் வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அரை மணி ஊறவைத்து, அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் கம்பியில் தொங்கவிட்டு, அடியில் லேசான எடை ஒன்றைக் கட்டுங்கள். ஒரு ஹேங்கர் போதும். நன்றாகக் காய்ந்தபின் கண்டாகச் சுற்றலாம். சுற்றும்போது இறுக்க வேண்டாம். இறுகிய கண்டில் நூல் இழுபட்டே இருக்கும். அதில் பின்னியது முதல் துவையலில் சுருங்கி, போட்ட அளவெல்லாம் மாறிப்போகும்.